குளத்தில் ஆகாயத்தாமரை: எந்த வரிசையில் எடுத்தால் திரும்பி வராது?

நாணல் (கேள்வி)

குளத்தின் பரப்பு சுமார் 2 ஹெக்டேர், சராசரி ஆழம் 1.5 மீட்டர். முக்கால் பங்கை ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது. அங்கங்கே ஊதாப் பூவும் விடத் தொடங்கிவிட்டது. வடக்கே ஒரு வாய்க்கால் வழியாக நீர் வருகிறது. அதில் வீட்டுக் கழிவுநீரும் கலந்து வருகிறது. தெற்கே கலிங்கு (உபரிநீர் வெளியேறும் வழி). ஏற்கெனவே இயந்திரம் வைத்து அள்ளி, ஓராண்டுக்குள் பழையபடி மூடிக்கொண்ட குளம் இது.

இந்தத் தடவை சரியாகச் செய்ய வேண்டும். ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்: களைக்கொல்லி அடி, உப்பைக் கொட்டு, புல் கெண்டை விடு, வண்டு விடு. இதில் எது உதவும், எது கெடுக்கும்? எடுத்த செடியை எங்கே போடுவது?

இன்னொன்றும் உண்டு. வலை போட்டால் உடம்பெல்லாம் ஓடு போலத் தகடு வைத்த, வாய் அடிப்பக்கம் இருக்கும் சக்கர் மீன்தான் நிறைய வருகிறது. நாட்டு மீன்கள் குறைந்துகொண்டே போகின்றன. செடியை எடுத்தால் அதுவும் தானாகச் சரியாகிவிடுமா?


கரைக்காவல் (பதில் 1)

ஆளையும் இயந்திரத்தையும் பேசுவதற்கு முன் செடியை எடை போடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பதால்தான் பல குளங்களில் பாதியில் பணம் தீர்ந்துபோகிறது.

பிவிசி குழாயில் 1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம் செய்துகொள்ளுங்கள். படர்ந்த இடத்தில் பரவலாகப் பத்து இடங்களில் அதை வைத்து, உள்ளே இருக்கும் செடிகளை வேரோடு எடுத்து, ஐந்து நிமிடம் நீர் வடியவிட்டு நிறுத்துப் பாருங்கள். அடர்ந்த படலத்தில் சதுர மீட்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை வரும். 25 கிலோ என்றே வைத்தாலும் உங்கள் 1.5 ஹெக்டேருக்கு 375 டன். அதில் 90 முதல் 95 சதவீதம் வெறும் தண்ணீர். காம்பெல்லாம் காற்றுப் பைகளாக இருப்பதால் டிராக்டர் டிப்பர், எடை நிரம்புவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடும். பச்சையாக ஏற்றி வெகுதூரம் கொண்டுபோவது தண்ணீரையும் காற்றையும் சுமப்பதுதான். கரையிலேயே வாட வைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

அடுத்தது வேகம். சத்துள்ள வெதுவெதுப்பான நீரில், படர இடமும் கிடைத்தால், இந்தச் செடி இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். சில சமயம் அதற்கும் முன்பே. இரண்டு வாரம் என்றால் நாளுக்கு 5 சதவீதம். குளத்தில் 200 டன் மிச்சம் இருந்தால், நல்ல பருவத்தில் ஒரே நாளில் 10 டன் வரை கூடக்கூடும். நாளுக்கு 5 டன் எடுக்கும் ஆட்களை வைத்தால் அந்தக் கட்டத்தைத் தாண்டவே முடியாது. முழுக்க மூடியிருக்கும்போது நெருக்கடியால் வளர்ச்சி மந்தமாக இருக்கும். பாதியை எடுத்து நீரைத் திறந்துவிட்டால்தான் மீதிப் பாதி முழு வேகம் பிடிக்கும். ஆகையால் பாதி வேலையில் நிறுத்துவது, தொடங்காமல் இருப்பதைவிட மோசம். கையில் இருக்கும் பணம் முழுக் குளத்துக்குப் போதாது என்றால், ஒரு பகுதியைத் தடுத்துப் பிரித்து அதை மட்டும் முழுமையாக முடியுங்கள்.

பிரிப்பதற்கு மிதவைத் தடுப்பு வேண்டும். 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயை 3 மீட்டர் துண்டுகளாக வெட்டி, இரு முனையும் மூடி ஒட்டி, நைலான் கயிற்றில் கோத்தால் போதும். அதன் கீழே 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வலை தொங்க வேண்டும், வலையின் அடியில் எடைக் குண்டுகள் வேண்டும். வலை இல்லாவிட்டால் சின்னச் செடிகள் அடியில் நுழைந்து மறுபக்கம் போய்விடும். ஓட்டம் இருக்கும் இடத்தில் தடுப்பை நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகக் கட்டாதீர்கள். சாய்வாகக் கட்டினால் படலம் வழுக்கிக்கொண்டு கரைக்கு வரும். நேராகக் கட்டினால் எல்லாம் நடுவில் அழுத்தி, வெள்ளம் வரும் நாளில் கயிறு அறும். உங்கள் குளத்தை அரை ஹெக்டேர் வீதம் நான்காகப் பிரிக்கலாம்.

வரிசை இப்படி: முதலில் வடக்கு வாய்க்கால். குளத்துக்கு மேலே வாய்க்காலில் எவ்வளவு தூரம் செடி இருக்கிறது என்று நடந்து பார்த்து அதை முதலில் எடுங்கள். குளத்தைச் சுத்தம் செய்துவிட்டு வாய்க்காலை விட்டால் அடுத்த மழை மேலிருந்து விதைச் செடிகளைக் கொண்டுவந்து இறக்கும். பிறகு வாய்க்கால் வாயில் ஒரு தடுப்பு, கலிங்குக்கு முன்னால் ஒரு தடுப்பு. கலிங்குத் தடுப்பு உங்கள் குளத்துக்காக அல்ல, கீழே இருக்கும் குளங்களுக்காக. அது இல்லாமல் ஒரு செடியைக்கூடத் தொடாதீர்கள். அதன் பிறகு வாய்க்கால் பக்கத்துப் பகுதியில் தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள்.

எடுக்கும் இடத்தைக் காற்று முடிவு செய்யட்டும். அந்தப் பருவத்தில் காற்று எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ அங்கே நீண்ட கை பொக்லைன் நிற்க வேண்டும். மற்றவர்கள் பரிசலிலோ படகிலோ இருந்து நீண்ட கழியால் படலத்தைப் பெரிய துண்டுகளாகப் பிரித்து, கயிற்றால் வளைத்து அந்தக் கரைக்கு இழுத்தால் போதும். பக்கெட் துளையுள்ளதாக இருக்கட்டும். சாதாரண மண் பக்கெட் தண்ணீரையும் சேற்றையும் சேர்த்து அள்ளும்.

நீருக்குள் வைத்துச் செடியை நறுக்கும் இயந்திரம் கொண்டுவர யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். வெட்டுப்பட்ட இலை முளைக்காது. ஆனால் குருத்துள்ள அடித்தண்டுத் துண்டும், கணு உள்ள ஓடுதண்டுத் துண்டும் முளைக்கும். ஒரு செடியைப் பல செடியாக்கிக் குளம் முழுக்கத் தூவிய மாதிரி ஆகிவிடும். முளைக்காத மீதியோ மூழ்கி அழுகி ஆக்சிஜனைத் தின்னும்.

கடைசி 5 சதவீதம்தான் மறுபடியும் குளத்தை மூடுகிறது. கோரைக்கும் நாணலுக்கும் நடுவே, மரக்கிளை தாழ்ந்த இடங்களில், படிக்கட்டு ஓரத்தில் ஒளிந்திருக்கும் சின்னச் செடிகளை இயந்திரம் எடுக்காது. அதற்குக் கைதான். இயந்திரத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை இந்தக் கைவேலைக்கென்று தொடக்கத்திலேயே எடுத்து வையுங்கள்.

ஆட்கள் பாதுகாப்பு பற்றி: படலம் தரை போலத் தெரியும், ஆள் எடையைத் தாங்காது. அடியில் ஆழம் தெரியாது, பாம்பும் இருக்கும். மிதவை உடுப்பு இல்லாமல், தனியாளாக யாரையும் இறக்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) வரும். காலில் புண் இருப்பவர்கள் கரை வேலை மட்டும் செய்யட்டும்.


அல்லிக்குளம் (பதில் 2)

மேலே சொன்னதோடு ஒன்று: கரையோரத்து நாட்டுச் செடிகளைக் காப்பாற்றிக்கொண்டே வேலை செய்யுங்கள். பொக்லைன்காரர் "சுத்தமாக" இருக்க வேண்டும் என்று கோரை, அல்லி, தாமரை எல்லாவற்றையும் வழித்துவிடுவார். வெறும் சேற்றுக் கரைதான் ஆகாயத்தாமரை விதைக்குப் பிடித்த நாற்றங்கால். வேலைக்கு முன்பே காப்பாற்ற வேண்டிய திட்டுகளைச் சுற்றிக் கம்பு நட்டு, நிறத் துணி கட்டி, இயக்குநருக்கு நேரில் காட்டிவிடுங்கள்.

பூ வந்துவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் அடிச்சேற்றில் விதை ஏற்கெனவே இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அது சேற்றில் 15, 20 ஆண்டு உயிரோடு இருக்கும். ஆழ்நீரில் இருட்டில் கிடக்கும் வரை முளைக்காது. நீர் வற்றிச் சேறு வெயில் கண்டால், அல்லது ஓரத்தில் ஆழம் குறைந்தால், கொத்தாக முளைக்கும். அதனால் "குளத்தை வற்ற வைத்து எடுத்தால் சுலபம்" என்ற யோசனையில் பாதிதான் உண்மை. வற்றினால் செடி சேற்றில் வேர் ஊன்றிவிடும், இழுத்தால் அறும். போதாக்குறைக்கு விதை வங்கியும் விழித்துக்கொள்ளும். செடி மிதக்கிற அளவுக்கு நீர் இருக்கும்போதே, பெருமழைக்கு முன், பூ காய் பிடிப்பதற்கு முன் எடுப்பதுதான் நல்லது.

நாற்று முதலில் மெல்லிய புல் இலை போல இருக்கும், குமிழ்க் காம்பு பின்னால்தான் வரும். கண்காணிப்பவர்களுக்கு அந்தப் புல் வடிவத்தைப் படம் எடுத்துக் காட்டிப் பழக்குங்கள். பெரிய செடியை மட்டும் தேடுகிறவர்கள் கண்ணில் அது படாது.


கூன்வண்டு (பதில் 3)

உயிரியல் கட்டுப்பாடு பற்றி மட்டும் எழுதுகிறேன். அது வேலை செய்யும். ஆனால் உங்கள் குளத்துக்கு முதல் கருவி அது அல்ல.

அமேசான் படுகைதான் ஆகாயத்தாமரையின் பூர்வீகம். அதற்கென்று தென்னமெரிக்காவிலிருந்து தேர்ந்தெடுத்த இரண்டு கூன்வண்டுகள், நியோசெட்டினா ஐகார்னியே, நியோசெட்டினா புரூச்சி. வளர்ந்த வண்டு இரவில் இலைத் தோலைச் சுரண்டித் தின்னும். சில மில்லிமீட்டர் அகலத்தில் சதுரமான பழுப்புத் தழும்பு தெரியும். புழு காம்பைத் துளைத்துக் குருத்துவரை போகும், உண்மையான சேதம் அதுதான். செடி நீர் ஏறித் தாழும், பூ குறையும், படலம் மெல்ல மூழ்கும். விக்டோரியா ஏரியில் உகாண்டா 1995லும் கென்யா 1997லும் இவற்றை விட்டன. 1990களின் கடைசியில் அங்கே படலம் பெருமளவு சரிந்தது. அதில் வண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1997-98 எல் நினோ கால அலையும் மழையும் உதவின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சத்து வரத்து நிற்கவில்லை, விதையும் இருந்தது. பின்னாளில் செடி திரும்பவும் அலையலையாக வந்தது.

வண்டு ஏன் சில இடங்களில் தோற்கிறது என்று பார்த்தால் காரணங்கள் தெளிவாக இருக்கின்றன. அது கூட்டுப்புழுவாக மாறுவது நீருக்குள், மிதக்கும் வேரில். செடி சேற்றில் வேரூன்றிய இடத்தில் அதன் வாழ்க்கைச் சுழற்சி அறுந்துவிடும். ஒரு தலைமுறைக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும், குளிர் காலத்தில் இன்னும் இழுக்கும். கழிவுநீர் கலந்த குளத்தில் செடி, வண்டு தின்பதைவிட வேகமாகப் புது இலை விடும். எல்லாம் கூடிவந்தாலும் பலன் தெரிய இரண்டு முதல் ஐந்து ஆண்டு. இதற்கிடையில் யாராவது களைக்கொல்லி அடித்தாலோ படலம் முழுவதையும் அள்ளினாலோ வண்டும் கூடவே போய்விடும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. அள்ளுவதற்கு முன் இலைகளைப் பாருங்கள். சதுரத் தழும்புகள் தெரிந்தால் வண்டு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. முழுவதும் எடுத்துவிடத் திட்டமிருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுவதும் எடுக்கவே முடியாத மேல்வாய்க்கால், சதுப்பு போன்ற இடங்களுக்கு அந்தச் செடிகளில் சிலவற்றை வண்டோடு விட்டுவைப்பது பயன்படும். வெளியிலிருந்து வண்டு கொண்டுவருவதானால், அரசின் வேளாண் ஆராய்ச்சி அமைப்பின் அனுமதியோடு, அவர்கள் வளர்த்துச் சோதித்த வண்டுதான். வேறு குளத்திலிருந்து செடியோடு அள்ளி வருவது வண்டை மட்டுமா கொண்டுவரும்? நத்தை, பாசி, மீன் முட்டை, நோய் எல்லாம் சேர்ந்து வரும்.

குளத்தில் சால்வீனியா என்ற இன்னொரு மிதவைக் களையும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். இலை மேலே முட்டை கலக்கும் கம்பி போல நுனி கூடிய மயிர்கள் இருக்கும், நீர் ஒட்டாது. அதற்கு வேறு வண்டு, சிர்டோபாகஸ் சால்வீனியே. ஆஸ்திரேலியாவில் மூண்டாரா ஏரியில் 1980ல் விட்டு, அடுத்த ஆண்டுக்குள் படலம் அழிந்தது. அதற்கு முன் வேறு நாடுகளில், செடியை வேறு இனம் என்று தவறாக அடையாளம் கண்டு அதற்கேற்ற வேறு வண்டை விட்டதால் முயற்சி வீணானது. இனத்தை உறுதி செய்வதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது அதனால்தான். சால்வீனியாவில் ஒரு நல்ல செய்தி, அது மலட்டுச் செடி. முளைக்கக்கூடிய வித்து கிடையாது, சேற்றில் வங்கியும் கிடையாது. துண்டு விடாமல் எடுத்தால் முடிந்தது.


மீன்வலை (பதில் 4)

மீன் கேள்விக்கு: இல்லை, தானாகச் சரியாகாது.

படலத்துக்கு அடியில் வெளிச்சம் இல்லை, காற்றோட்டம் இல்லை. கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய்விடும். கெண்டை வகை மீன்கள் அதில் தாங்காது. சக்கர் மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே மூச்சு விடும், அதனால் தாங்கும். அதாவது இவ்வளவு நாளும் செடி, அந்த மீனுக்குப் போட்டியை ஒழித்துக் கொடுத்திருக்கிறது. செடி போனால் நாட்டு மீனுக்கு மூச்சு விட வழி கிடைக்கும், ஆனால் சக்கர் மீன் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

அதன் சேதம் எங்கே என்றால், பாறை, கட்டைகளில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பதால் மற்றவற்றுக்கு உணவு குறைகிறது. அடியில் இட்ட முட்டைகளும் போகின்றன. களிமண் கரையில், நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு மீட்டர் ஆழம் வரை வளை தோண்டி முட்டையிடும். நீர் இறங்கும்போது கரை முழுக்கத் துளையாகத் தெரியும். அடுத்த வெள்ளத்தில் கரை சரிவது அங்கேதான் தொடங்கும். நீர் குறைந்த காலத்தில் வளைகளைத் தேடி, உள்ளே மீன் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, கல்லும் களிமண்ணும் திணித்து அடைக்க வேண்டும்.

பிடிப்பதற்கு: தகட்டிலும் முள்ளிலும் செவுள் வலை சிக்கிக் கிழியும். இழுவலையும் வீச்சு வலையும் மேல். செடி எடுக்கும் நாட்களிலேயே, பிரித்த பகுதிக்குள் இழுவலை போடுங்கள். பரப்பு சுருங்கியிருப்பதால் அப்போது நிறைய கிடைக்கும். பிடித்ததைத் திரும்ப விடாதீர்கள். கரையில் போட்டுச் சாகவிடுவது கொடுமை மட்டும் அல்ல, பயனும் இல்லை: ஈரம் இருந்தால் பல மணி நேரம் உயிரோடு இருக்கும், ஊர்ந்து திரும்ப நீருக்குள் போகும். தலையில் கனமான கட்டையால் ஓங்கி ஒரே அடி அடித்து உணர்விழக்கச் செய்து, உடனே வெட்டிவிடுங்கள். அதற்கு முன் அது சக்கர் மீன்தான் என்று உறுதி செய்யுங்கள்: உடலில் தகடு வரிசை, பாய்மரம் போன்ற முதுகுத் துடுப்பு, அடியில் உறிஞ்சு வாய். இம்மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் நாட்டு மீனாக இருக்கலாம். படம் எடுத்து மீன்வளத் துறையிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

புல் கெண்டை வேண்டவே வேண்டாம். அது விரும்புவது நீருக்குள் இருக்கும் மெல்லிய கொடிகளை. ஆகாயத்தாமரையின் தடித்த காம்பைக் கடைசியில்தான் தொடும். அதற்குள் நாட்டு மீன் முட்டையிடும் நீருள் தாவரங்கள் எல்லாம் போய்விடும். கிழக்கு ஆசியாவுக்கு வெளியே அதுவும் அயல் மீன்தான். ஓர் அயல் உயிருக்கு இன்னொன்றை மருந்தாக விடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கம்பூசியா மீன் சாட்சி. கொசுவுக்கென்று உலகம் முழுக்க விட்டார்கள். அது தவளைக் குஞ்சையும் சிறு மீன் குஞ்சையும் தின்றது. மீன்பிடியைப் பெருக்க 1950களில் விக்டோரியா ஏரியில் விடப்பட்ட நைல் பெர்ச், அந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த சிக்லிட் மீன்களில் சுமார் 200 இனங்கள் மறையப் பெருங்காரணம் என்று மதிப்பிடுகிறார்கள். விட்ட மீனைத் திரும்பப் பிடிக்க முடியாது.

நாட்டு மீன் குஞ்சு விடுவதை அவசரப்படாமல் செய்யுங்கள். விடியற்காலையில் அளக்கும் ஆக்சிஜன் தொடர்ந்து 4 மில்லிகிராமுக்கு மேல் நிற்கட்டும். விற்பனைக் குஞ்சுகளோடு ஜிலேபி (திலாப்பியா) என்ற அயல் மீனின் குஞ்சு கலந்து வருவது சாதாரணம். வெள்ளைத் தொட்டியில் ஊற்றி, ஒவ்வொரு தவணையையும் பார்த்த பிறகே குளத்தில் விடுங்கள்.


நாணல்

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். களைக்கொல்லி, உப்பு இரண்டையும் முழுக்கத் தள்ளிவிடலாமா? 375 டன்னையும் மட்கு உரமாக்க முடியுமா, அதில் விதை சாகுமா?


கரைக்காவல் (பதில் 5)

உப்பு: கணக்குப் போட்டாலே முடிந்துவிடும். லிட்டருக்கு 6 கிராம் அளவில் உப்பு இருந்தால்தான் இந்தச் செடி சாகத் தொடங்கும். உங்கள் குளத்தில் 30,000 கன மீட்டர் நீர். 180 டன் உப்பு வேண்டும். அதைக் கொட்டினால் தவளை, நன்னீர் மீன், அல்லி, கரையோர மரம் எல்லாம் போய், கீழே பாயும் நிலமும் கெடும்.

களைக்கொல்லி: அடித்தால் செடி சாகும், அதில் சந்தேகமில்லை. செத்தது குளத்திலேயே மூழ்கும். 375 டன் ஒரே நேரத்தில் அழுகினால் ஆக்சிஜன் பூஜ்யத்துக்குப் போகும், மிச்சமிருக்கும் மீனும் சாகும். செடி இத்தனை நாளும் உறிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரசும் திரும்ப நீருக்கே வந்து, அடுத்த தலைமுறைச் செடிக்கும் பச்சைப் பாசிக்கும் உரமாகும். அள்ளி வெளியே எடுத்தால் அந்தச் சத்தும் வெளியே போகிறது, இதுதான் அள்ளுவதன் பெரிய லாபம். ஆளும் இயந்திரமும் போகவே முடியாத இடத்தில் மருந்து தவிர வழியில்லை என்றால்: நீர்நிலைக்கென்று பதிவு பெற்ற கலவை, உரிய துறை அனுமதி, ஒரு தடவைக்கு மூடிய பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது, இரண்டு மூன்று வாரம் இடைவெளி, லேபிளில் சொன்ன நாள்வரை அந்த நீரைக் குடிக்கவோ பாய்ச்சவோ கூடாது. நிலத்துக்கான கலவையில் சேர்த்திருக்கும் ஒட்டுப்பொருள் சில, தவளைக் குஞ்சுகளைக் கொல்லும். கடையில் கிடைத்ததை வாங்கி அடிப்பதன் ஆபத்து அதில் இருக்கிறது.

அள்ளும்போதும் ஆக்சிஜனைக் கவனிக்க வேண்டும். அடிச்சேறு கலங்கினால் அழுகல் வாயு கிளம்பும். தினமும் சூரியன் எழும் நேரத்தில் அளந்து பாருங்கள்; பகலில் அளந்தால் பாசி தரும் ஆக்சிஜன் கண்ணை மறைக்கும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனாலோ மீன் மேலே வந்து வாயைப் பிளந்தாலோ அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள்.


அல்லிக்குளம் (பதில் 6)

மட்கு பற்றி. அள்ளியதை முதல் நாள் நீர் ஓரத்திலேயே சரிவில் போடுங்கள். வேரில் மாட்டிய தவளை, சிறு ஆமை, பூச்சிகள் இரவோடு இரவாக நீருக்குத் திரும்பட்டும். (சக்கர் மீன் குஞ்சு திரும்பாமல் ஒருவர் பார்த்துப் பொறுக்க வேண்டும்.) மறுநாள் உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு மேலே மாற்றுங்கள். வேர் மேல் நோக்கிப் புரட்டி, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பினால் சீக்கிரம் வாடும். குவித்தால் உள்ளே உயிரோடு இருக்கும், அழுகிய கறுப்பு நீரும் வழியும். அந்த நீர் குளத்துக்குத் திரும்பாதபடி கீழ்ப்பக்கம் சிறு வரப்பும் குழியும் வெட்டுங்கள்.

வாடியதும் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, சாணமும் காய்ந்த இலை அல்லது வைக்கோலும் சேர்த்து அடுக்குங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், குவியல் சூடாகாமல் நாறும். உயரமும் அகலமும் 1.5 மீட்டராவது இருந்தால்தான் வெப்பம் தங்கும். நடுப்பகுதி 55 முதல் 60 டிகிரிக்கு வந்து சில நாள் நின்ற பிறகு, வெளிப்பக்கம் உள்ளே போகுமாறு புரட்டுங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தால்தான் ஓரத்தில் இருந்த விதையும் சூட்டில் அகப்படும். ஒரே தடவை புரட்டி நிறுத்தினால் ஓரத்து விதை அப்படியே இருக்கும். உங்கள் செடி பூத்திருப்பதால், பூங்கொத்து உள்ள செடிகளைத் தனியே ஒதுக்கிக் குவியலின் நடுவில் போடுங்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் இந்த மட்கை வேறு நீர்நிலைக் கரையில் போடாதீர்கள்.

ஆலைக் கழிவு கலக்கும் நீரில் வளர்ந்த செடி என்றால் ஈயம், காட்மியம், குரோமியம் வேரில் சேர்ந்திருக்கும். உங்கள் வாய்க்காலில் வீட்டுக் கழிவு மட்டும்தானா என்று மேலே போய்ப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மட்கை ஆய்வகத்தில் சோதித்த பிறகே உணவுப் பயிருக்குப் பயன்படுத்துங்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

கழிவுநீரைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அது வந்துகொண்டே இருந்தால் ஆகாயத்தாமரை போன இடத்தில் பச்சைப் பாசி வரும், அதன் பின்னால் வேறொரு மிதவைச் செடி வரும். வாய்க்கால் குளத்தைத் தொடும் முன் ஒரு வண்டல் குட்டையும், அதையடுத்துக் கோரையும் நாணலும் நட்ட ஆழமற்ற படுகையும் அமையுங்கள். வண்டல் குட்டையை ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். தூர்வாராத குட்டை, முதல் பெருமழையில் சேர்த்து வைத்ததை எல்லாம் குளத்துக்கே தள்ளிவிடும். கழிவை மூலத்திலேயே நிறுத்தும் முயற்சியும் கூடவே நடக்கட்டும்.


கரைக்காவல் (பதில் 7)

கண்காணிப்பு அட்டவணையை இப்போதே எழுதி, யார் பொறுப்பு என்று பெயரும் போட்டு வையுங்கள். அள்ளி முடித்த முதல் மூன்று மாதம் வாரம் ஒரு தடவை கரையைச் சுற்றி நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு செடியையும் வேரோடு எடுக்க வேண்டும். பிறகு மாதம் ஒரு தடவை. நீர்மட்டம் இறங்கிச் சேறு தெரியும் நாட்களிலும், முதல் மழைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்திலும் கூடுதலாக. நாற்று பூக்கும் அளவுக்கு வளரச் சில மாதம் ஆகும், மாதம் ஒரு தடவை பார்த்தால் புது விதை விழாது. பழைய விதை தீரும் வரை, ஆண்டுக்கணக்கில், இது தொடரும். ஆனால் வேலை ஒவ்வொரு ஆண்டும் குறைந்துகொண்டே வரும்: முதல் ஆண்டு மூட்டைக் கணக்கு, பிறகு கூடைக் கணக்கு.

நடக்கும்போதே நீர்மட்டத்துக்கு மேலே தண்டிலும் கல்லிலும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது தென்னமெரிக்க ஆப்பிள் நத்தை, பொமேசியா. ஆசியாவின் நாட்டு இனமான பைலா நத்தை வெள்ளை முட்டையைக் கரை மண்ணுக்குள் இடும், அதைத் தொடாதீர்கள். இளஞ்சிவப்புக் கொத்தைக் கையுறை போட்டுச் சுரண்டி நசுக்குங்கள். முட்டையில் நஞ்சு உண்டு, நத்தையில் எலி நுரையீரல் புழுவும் இருக்கலாம்.

கடைசியாக இயந்திரம். பொக்லைன் உங்கள் குளத்துக்கு வருவதற்கு முன் எந்தக் குளத்தில் நின்றது என்று கேளுங்கள். சங்கிலிப் பட்டை, பக்கெட், கையின் மூட்டுகளில் ஒட்டிய சேற்றில் அங்கத்து விதையும் நத்தை முட்டையும் இருக்கும். நீரிலிருந்து தள்ளி, மண் உறிஞ்சும் இடத்தில், அழுத்த நீரால் கழுவிய பிறகே கரையில் ஏற்றுங்கள், போகும்போதும் அப்படியே. வலை, காலணி, கயிறு, படகுக்கு: ஒட்டியதைப் பொறுக்கி எடுத்து, 45 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, பிறகு முழுக்கக் காயவிடுங்கள். வெந்நீர் இல்லாவிட்டால் காய்ந்து தெரிந்த பிறகும் குறைந்தது இரண்டு நாள் வெயிலில் இருக்கட்டும். தடித்த வலையின் மடிப்புக்குள் ஈரம் ஒளிந்திருக்கும், விரித்துப் போட்டுக் காயவையுங்கள். ஒப்பந்தத்தில் கழுவும் வேலையைத் தனி வரியாக, தனித் தொகையோடு எழுதுங்கள். எழுதாத வேலையை மாலை ஆறு மணிக்கு யாரும் செய்ய மாட்டார்கள்.